வாலிபால் வைத்தியம்

கணக்கு டீச்சர் அன்றைக்கும் விளையாட்டுப் பீரியடைத் தின்றுவிட்டாள். வேறு எப்படிச் சொல்வது? கடன் வாங்கினாள் என்றால் திருப்பித் தர வேண்டும். அவள் எதையும் திருப்பித் தந்த ஜென்மம் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஷூ மாட்டிக்கொண்டு மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பார்கள். மேலேயிருந்து குரல் வரும்: "எல்லாரும் உள்ள வாங்க, போர்ஷன் முடியல." அவ்வளவுதான். கீழே வலையை இழுத்துக் கட்டி, பந்துக்குக் காற்றடித்து வைத்துக்கொண்டு பி.டி. மாஸ்டர் வெயிலில் ஒண்டியாக நிற்பார்.

டீச்சரை மரியாதை இல்லாமல் அவள் இவள் என்கிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அவள் மாஸ்டருக்குக் கூடப் பிறந்த அக்கா. அக்காவை மனசுக்குள் 'அவர்' போட்டுத் திட்டுகிற தம்பி உலகத்தில் எங்கேயும் கிடையாது. இது மாஸ்டரின் கதை, அதனால் அவர் வாயில் எப்படி வருமோ அப்படித்தான் எனக்கும் வரும்.

பள்ளிக்கூடமும் ஒன்று, வீடும் ஒன்று. கீழே அக்காவும் அவள் கணவரும், மாடியில் ஒற்றை அறையில் மாஸ்டர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அக்காதான். "நான் ஒரு வார்த்தை சொல்லலைன்னா உன்னை எவன் சேத்துப்பான்?" என்று நேரம் காலம் இல்லாமல் சொல்லிக் காட்டுவாள். சின்ன வயதில் அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு முறை காதைத் திருகுவாள். தன்னுடைய இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் நீளம் என்று மாஸ்டர் இன்றைக்கும் உறுதியாக நம்புகிறார்.

இப்படிப்பட்டவளிடமிருந்து மைதானத்தைக் காப்பாற்ற மாஸ்டரிடம் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. ஒவ்வொரு ஆசிரியர் கூட்டத்திலும் அதை எடுத்து வீசுவார். அன்று சாயங்காலக் கூட்டத்திலும் வீசினார்.

"சார், என் வாலிபால் டீம்ல ஒரு பிள்ளைகூட கணக்குல ஃபெயில் கிடையாது. எடுத்துப் பாருங்க. விளையாடற பிள்ளைதான் நல்லாப் படிக்குது. பீரியடைப் பிடுங்கிப் பிடுங்கி உக்கார வெச்சா மார்க் வந்துடுமா?"

ஹெட்மாஸ்டர் தலையாட்டினார். அவர் நல்ல மனிதர், கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் சரி என்று முழுமனதோடு நம்புகிறவர். வழக்கமாக அந்த இடத்தில் கூட்டம் முடிந்துவிடும். அன்றைக்கு அக்கா எழுந்தாள்.

"மாஸ்டர் சொல்றது அத்தனையும் உண்மை சார்."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவர் டீம்ல ஃபெயிலான பிள்ளையே கிடையாது. எப்படி இருக்கும்? செலக்‌ஷன் அன்னிக்கு, பந்தைத் தொடறதுக்கு முன்னாடியே 'கணக்குல எவ்வளவு?'ன்னு கேக்கறாரே! ஃபெயில்னா அப்படியே திருப்பி அனுப்பிடறார். ஏற்கெனவே கரை ஏறினவங்களைக் கூட்டி வெச்சுக்கிட்டு, நான்தான் நீச்சல் கத்துக் குடுத்தேன்னு சொன்னா எப்படி சார்?"

நாலு பேர் சிரித்தார்கள். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் சொன்னது பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஆனால் யாரால் அப்படி ஆனது? முன்பெல்லாம் அவர் ஆட்டத்தை மட்டும் பார்த்துத்தான் பிள்ளைகளை எடுத்தார். போட்டிக்கு முந்தின நாள் இந்த மகராசி வந்து, "இவனுக்கு ஸ்பெஷல் கிளாஸ், இவளுக்கு மறு டெஸ்ட்" என்று ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஆறு பேர் ஆட வேண்டிய இடத்தில் நாலு பேரை நிறுத்தி அவர் அவமானப்பட்ட கதையெல்லாம் உண்டு. அதற்கப்புறம்தான் அவள் கை படாத பிள்ளைகளாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்தார். அதையே அவள் இப்போது சபையில் அவிழ்த்துக் கொட்டினாள்.

"நிஜமாவே விளையாட்டால மார்க் வரும்னா, ஃபெயிலான பிள்ளைங்களை அவர்கிட்ட விடுங்க சார். மருந்து நல்ல மருந்துன்னா நோயாளிக்குத்தானே குடுக்கணும்?"

"அருமை!" என்று ஹெட்மாஸ்டர் மேஜையைத் தட்டினார். "கணக்குல ஃபெயிலான பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க எல்லாரும் இனிமே தினமும் ஒரு பீரியட் வாலிபால். அரையாண்டுல அவங்க பாஸாயிட்டா, விளையாட்டுப் பீரியடை யாரும் தொடக் கூடாது. இது என் வாக்கு. ஆகலைன்னா பத்தாம் வகுப்புக்கு விளையாட்டும் இல்ல, டீமும் இல்ல. என்ன மாஸ்டர்?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அக்காவின் வாயோரச் சிரிப்பைப் பார்த்ததும் ரோஷம் தலைக்கேறிவிட்டது.

"சரி சார். பாத்துடலாம்."

வீட்டுக்கு வந்து மாடிப்படியில் அக்காவை மறித்தார். "வேணும்னே மாட்டி விட்டல்ல?"

"நானா மாட்டி விட்டேன்? உன் வாய் மாட்டி விட்டுது."

"என் டீம் கலையணும், உனக்கு அதானே வேணும்?"

"எனக்குப் பீரியட் வேணும். என் பிள்ளைங்க பாஸாகணும். நீ இவ்ளோ நாள் பந்து உருட்டினதுல எவன் வாழ்க்கை நல்லாயிருக்கு சொல்லு. உன்னோடது?"

மாஸ்டர் சாப்பிடாமல் மாடிக்குப் போனார். அவள் வேண்டுமென்றே கீழேயிருந்து, "தட்டுல மூடி வெச்சிருக்கேன், வீம்பு பண்ணாம வந்து தின்னு" என்று கத்தினாள். அவர் போகவில்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு அந்த வீம்பு ஒன்றே போதும்.

மறுநாள் பதினோரு பிள்ளைகள் தண்டனைக்கு வந்தவர்கள் மாதிரி மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவனுக்குப் பந்தைக் கண்டாலே பயம். ஒருத்தி, வெயிலில் நின்றால் தலை சுற்றும் என்று அம்மா சொல்லி அனுப்பியதாகச் சொன்னாள். இன்னும் இரண்டு பேர் வலைக்கம்பத்தில் சாய்ந்தபடியே தூங்கினார்கள். அவர்கள் நடுவில் ஒரு பெண் மட்டும் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தாள். நெட்டையாக, காலும் கையும் எங்கே முடிகின்றன என்று தெரியாத உடம்பு. வகுப்பில் எல்லோரும் அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

"உனக்கு என்ன இவ்ளோ சந்தோஷம்?" என்று மாஸ்டர் எரிந்து விழுந்தார்.

"போன வருஷம் செலக்‌ஷனுக்கு வந்தேன் சார். கணக்குல எவ்வளவுன்னு கேட்டீங்க. சொன்னேன். போன்னுட்டீங்க. இந்த வருஷம் அதே மார்க்குக்கு நீங்களே கூப்பிட்டிருக்கீங்க."

"அதே மார்க்கா?"

"ரெண்டு கம்மி சார்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். அவள் கையில் பந்தைக் கொடுத்து சர்வீஸ் போடச் சொன்னார். முதல் பந்து வலையில். இரண்டாவது, வலைக்கு ஒரு சாண் மேலே சீறிக்கொண்டு போய் மூலைக்கோட்டில் விழுந்தது. மாஸ்டர் அசந்துபோனார். இன்னொன்று போடச் சொன்னார். அதுவும் அதே மூலையில். அடிப்பாவி, இவளையா திருப்பி அனுப்பினோம் என்று தலையில் அடித்துக்கொண்டார். மூன்று வாரம் அவளுக்காகவே அந்தப் பீரியடை நடத்தினார் என்று சொன்னாலும் தப்பில்லை. மற்றவர்களும் மெல்ல மெல்லத் தூக்கம் கலைந்து ஆட ஆரம்பித்தார்கள். பந்துக்குப் பயந்த பையன்கூட ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பந்தை எடுத்துவிட்டான், எல்லோரும் கைதட்டினார்கள். மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த சந்தோஷத்தில் இருந்தார்.

மாதத் தேர்வு வந்தது. பதினோரு பேரும் மறுபடி ஃபெயில். கொக்குவின் மார்க் போன தடவையைவிடவும் கீழே இறங்கியிருந்தது.

அக்கா இதை ஆசிரியர் அறையில், எல்லோரும் டீ குடிக்கிற நேரமாகப் பார்த்துத்தான் சொன்னாள். "மருந்து நல்லாவே வேலை செய்யுது மாஸ்டர். எல்லாருக்கும் நல்லாப் பசிக்குதாம், நல்லாத் தூக்கம் வருதாம். மார்க் ஒண்ணுதான் இன்னும் வரல."

மாஸ்டர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார். அரையாண்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தோற்றால் மைதானம் போகும், டீம் போகும், அப்புறம் அக்கா ஆயுசுக்கும் விடமாட்டாள். அவள் முன்னால் தலைகுனிந்து நிற்பதை நினைத்தபோது அவருக்கு வேறு எதுவும் தெரியவில்லை. நியாயம், அநியாயம் எல்லாம் அப்புறம்.

மறுநாள் வலை கட்டவில்லை. கட்டடத்தின் நிழலில் பதினோரு பேரையும் உட்கார வைத்து, பழைய கரும்பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்து, கையில் சாக்பீஸோடு நின்றார்.

"கணக்குப் புஸ்தகத்தை எடுங்க."

"சார், வாலிபால்?" என்றாள் கொக்கு.

"அரையாண்டுல பாஸ் பண்ணு. உன்னை டீம்ல சேத்துக்கறேன். சும்மா இல்ல, முதல் ஆளா. சத்தியம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பந்து எங்கயும் ஓடிடாது. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். முழங்கால் மோவாயில் இடிக்க, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தாள். மாஸ்டருக்குக் கணக்கு வந்தது. காதைத் திருகித் திருகி ஏற்றியது எங்கே போகும்? ஆனால் எப்படி வந்ததோ அப்படியேதான் வெளியே போயிற்று. "மைனஸை யாரு முழுங்கினா? தலைக்குள்ள என்ன வெச்சிருக்க? மறுபடி போடு!" என்று அவர் கத்துகிற கத்தலில் காக்காய் எல்லாம் பறந்தது.

"சார், டீச்சரும் இதையேதான் கேப்பாங்க. இதே மாதிரி மூக்கை வெடைச்சுக்கிட்டு," என்றாள் கொக்கு ஒரு நாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அன்று அவளுக்கு மட்டும் பத்து கணக்கு அதிகம்.

ஹெட்மாஸ்டர் அந்தப் பக்கம் சுற்றி வந்தால் அதற்கும் ஏற்பாடு இருந்தது. மாஸ்டர் தொண்டையைக் கனைப்பார். பதினோரு பேரும் புத்தகத்தை ஒளித்துவிட்டு, உட்கார்ந்திருந்த சுவடே தெரியாமல் எழுந்து, பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். "சபாஷ், சபாஷ்!" என்று சொல்லிவிட்டு அந்த அப்பாவி போவார். மறுபடி எல்லோரும் உட்காருவார்கள். பிள்ளைகள் இந்தப் பித்தலாட்டத்தை வாலிபாலைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார்கள். கொக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் பந்தைத் திருப்பித் தர ஒரு நொடி தாமதித்தாள். மாஸ்டர் அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி கையை நீட்டுவார்.

மேலே மாடி ஜன்னலில் அக்கா நின்று பார்த்தாள். பல நாள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, வீட்டிலும் வாய் திறக்கவில்லை. அக்கா சும்மா இருந்தால்தான் பயப்பட வேண்டும். இத்தனை வருஷம் அவளோடு குப்பை கொட்டியும் மாஸ்டர் அதை மறந்துபோனார்.

அரையாண்டு முடிந்தது. பதினொன்றில் ஒன்பது பேர் பாஸ். கொக்கு வாங்கிய மார்க், டீமில் பாதிப் பேர் வாங்கியதைவிட அதிகம்.

ஒன்பதே போதும் என்று ஹெட்மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது; கூட்டத்தில் எழுந்து நின்றே பேசினார். விளையாட்டின் மகிமை என்றார். உடம்பு, மனசு என்றார். மாஸ்டரை நாலு வார்த்தை பேசச் சொன்னார். மாஸ்டரும் கூசாமல் பேசினார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார். வியர்வை வெளிய போனா பாடம் உள்ள போகும். சும்மாவா விளையாட்டு?" என்று சொல்லிவிட்டு அக்காவை நேராகப் பார்த்தார். அப்படி அவளைப் பார்ப்பதற்காகத்தானே இவ்வளவு பாடும்.

அக்கா கைதட்டினாள். தட்டிக்கொண்டே எழுந்தாள்.

"சார், என் தம்பியைப் பத்தி நான் ரெண்டு வார்த்தை சொல்லணும்."

பள்ளிக்கூடத்தில் அவள் அவரைத் தம்பி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. 

"தன் பெருமையைத் தானே சொல்லிக்க அவனுக்குக் கூச்சம். நான் ஜன்னல் வழியா தினமும் பாத்தேன். மாதத் தேர்வுக்கு அப்புறம் பிள்ளைங்க பந்தையே தொடல சார். நிழல்ல உக்கார வெச்சு, முழுப் பீரியடும் கணக்கு. அப்படி ஒரு கணக்கு கிளாஸை நான் பாத்ததில்ல. நான் முட்டி மோதியும் தேறாத பிள்ளைங்க ஒன்பது பேரை இவன் தேத்திட்டான். வாழ்க்கையில முதல் தடவையா என் தம்பி உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கான். எனக்குப் பெருமையா இருக்கு."

சின்ன வயதிலிருந்து அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவர் ஏங்கியிருந்தார். இப்போது அதுவே செருப்படியாக விழுந்தது.

"நிஜமாவா மாஸ்டர்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

இல்லை என்று சொல்ல முடியுமா? பதினோரு சாட்சி இருக்கிறது. 

ஹெட்மாஸ்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அடடா, இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு? பிரமாதமான ஐடியா மாஸ்டர்! நல்ல காத்து, நல்ல நிழல், கணக்கு! இனிமே பத்தாம் வகுப்பு எல்லாப் பிரிவுக்கும் இதே மாதிரி நடத்துங்க. பீரியடை யாரும் தொடக் கூடாதுன்னு வாக்குக் குடுத்தேன், தொட மாட்டாங்க. அது உங்க பீரியட்தான். டீமை மட்டும் இந்த வருஷம் நிறுத்தி வெப்போம், கவனம் சிதறும்."

"சார்!" மாஸ்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "நான் பி.டி. மாஸ்டர் சார்! பிள்ளைங்க விளையாடணும் சார்!"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? விளையாடறதுக்குத்தான்! மார்க் வந்தா என்ன, வராட்டி என்ன? ஒரு பிள்ளை எம்பி ஒரு பந்தை அடிச்சா, அது போதாதா சார்? அதுக்கும் கணக்குல எவ்வளவுன்னு பாக்கணுமா?"

 ஹெட்மாஸ்டர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். "என்ன மாஸ்டர் இப்படிச் சொல்றீங்க? விளையாட்டே மார்க்குக்குத்தான்னு இத்தனை வருஷமா நீங்கதானே சொன்னீங்க?"

மாஸ்டர் குனிந்து, சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

வெளியே வராந்தாவில் அக்காவைப் பிடித்தார். "இப்ப குளுகுளுன்னு இருக்கா?"

"ஆமா. ஒன்பது பிள்ளைங்க பாஸாயிருக்கு, ஏன் சந்தோஷப்படக் கூடாது?" அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "அந்த ஒன்பது பேர்ல ஒருத்தருக்காவது நீ சந்தோஷப்பட்டியா? என்னை ஜெயிச்சதுக்குத்தானே சிரிச்ச? என்னை மட்டும் குத்தம் சொல்லாத."

"உன் சங்காத்தமே வேணாம்."

"எங்க போயிடுவ? சாயங்காலம் அதே வீட்டுக்குத்தானே வரணும்," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

திங்கட்கிழமை காலை மாஸ்டர் மைதானத்துக்கு வந்தபோது கொக்கு அவருக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். சாக்ஸை முழங்கால்வரை இழுத்து விட்டிருந்தாள். அவளே வலையை எடுத்து வந்து, ஒரு பக்கம் கட்டியும் வைத்திருந்தாள்.

"சார், பாஸாயிட்டேன்."

"தெரியும்."

"எங்க வீட்ல நம்பவே இல்ல சார். எங்கப்பா ரெண்டு தடவ பாத்தார். சரி, நான் எந்த இடத்துல ஆடணும்?"

மாஸ்டர் வலையின் முடிச்சைப் பார்த்தபடி சொன்னார். "டீம் இல்லம்மா. இந்த வருஷம் நிறுத்திட்டாங்க."

அவள் சிரித்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நீங்க சத்தியம் பண்ணீங்க."

"நான் என்ன பண்ணட்டும்? ஹெட்மாஸ்டர் முடிவு. எங்கக்கா வேற..."

"அப்ப நான் ஃபெயிலாவே இருந்திருக்கணும் சார். ஃபெயிலா இருந்தப்பவாவது மூணு வாரம் ஆடினேன்."

மாஸ்டர் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்தார். "இந்தா, யாரும் இன்னும் வரல. ஒரு சர்வீஸ் போடு. அந்த மூலைக்கு. போடும்மா."

அவள் பந்தை வாங்கிக்கொண்டாள். ஒரு கையில் ஏந்தி, எடை பார்ப்பதுபோல் வைத்திருந்தாள். அடிப்பாள் என்றுதான் அவர் ஒதுங்கி நின்றார். அவள் குனிந்து பந்தை அவர் காலடியில் வைத்தாள்.

"எனக்கு டீச்சர்மேல கோவமே இல்ல சார். அவங்க கணக்குன்னு சொன்னாங்க, கணக்குதான் எடுத்தாங்க. வாலிபால்னு கூப்பிட்டது நீங்கதான்."

மாடிப்படியில் சத்தம் கேட்டது. பத்தாம் வகுப்பின் எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் கணக்குப் புத்தகத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஷூ மாட்டியவர்கள் யாரும் இல்லை. "எங்க சார் உக்காரணும்?" என்று முன்னால் வந்தவன் கேட்டான். மாஸ்டர் நிழலைக் கை காட்டினார்.

கொக்கு போய் முதல் வரிசையில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். அத்தனை பேரும் உட்கார்ந்து முடித்தும் மாஸ்டர் கரும்பலகைக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டே இருந்தார்.

"ஆரம்பிங்க சார்," என்றாள் அவள்.